டீயையா வடையையா, எதைக் குறைப்பது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 46, எச்பிஏ1சி (மூன்று மாத ரத்தச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் பரிசோதனை) 6.1. காலையில் வீட்டில் ஒரு பில்டர் காபி, அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடையில் நாலு டீ, சாயங்காலம் இரண்டு வடையோ பஜ்ஜியோ, நடுவில் பிஸ்கட். டாக்டர் “டீ, வடையெல்லாம் குறைச்சுக்குங்க” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மனைவிக்கு ஹீமோகுளோபின் 9.6, இரும்பு மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் எடுக்கிறார், டிபனோடு டீ குடிப்பது வழக்கம். நாட்டுச் சர்க்கரைக்கு மாறினால் போதுமா, செக்கு எண்ணெயில் சுட்டால் பரவாயில்லையா, ஏர் ஃப்ரையர் வாங்கலாமா என்பவை உங்கள் மற்ற கேள்விகள்.

டீத்தூளும் காபித்தூளும் உங்கள் பிரச்சினை இல்லை. கிளாஸின் அடியில் விழும் சர்க்கரை முதல் பிரச்சினை, கடை எண்ணெய் இரண்டாவது. உங்கள் மனைவிக்கு டீயைவிட டீ குடிக்கும் நேரம்தான் பிரச்சினை.

சர்க்கரைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டீ மாஸ்டர் கிளாஸில் முதலில் சர்க்கரையைப் போடுவார், அதன்மேல் டிகாஷன், பிறகு பால். அவர் கையில் இருக்கும் கரண்டி நம் வீட்டுத் தேக்கரண்டி அல்ல. குவித்து அள்ளினால் 8 முதல் 10 கிராம் வரை வரும். நாலு டீக்கு 35, 40 கிராம். காலைக் காபியையும் சேர்த்தால் 45-ஐத் தாண்டும். நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாம் சேர்ந்து ஒரு நாள் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம். 5 சதவீதத்துக்குள், அதாவது 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்பதும் அதிலேயே இருக்கிறது. உங்கள் 50 கிராம் டம்ளரிலேயே தீர்ந்துவிடுகிறது. பிஸ்கட், ஞாயிற்றுக்கிழமை கேசரி, கல்யாண வீட்டு ஜாங்கிரி எதையும் இன்னும் எண்ணவே இல்லை.

எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.1 என்பது அதன் நடுவில். திரும்பி வரக்கூடிய இடம்தான். ஆனால் இனிப்பான பானம் இந்த நிலையில் திட உணவைவிட மோசம். மெல்ல வேண்டியதில்லை, நார்ச்சத்து இல்லை, வயிற்றில் தங்குவதும் இல்லை. சர்க்கரை வேகமாக ரத்தத்துக்குப் போய்விடும், பசியும் அடங்காது. உங்களுக்கு ஒரு நாளைக்கு ஐந்து முறை இது நடக்கிறது.

ஒரேயடியாக “சர்க்கரை இல்லாமல்” என்று ஆரம்பிப்பவர்களில் பலர் பத்து நாளில் பழைய டீக்கே வந்துவிடுவார்கள். படிப்படியாக இறங்குங்கள். முதல் இரண்டு வாரம் எல்லா டீக்கும் “அரைச் சர்க்கரை”. அடுத்த இரண்டு வாரம் கால் கரண்டி. நாக்கு பழக மூன்று, நாலு வாரம் ஆகும். அதற்குப் பிறகு பழைய முழுச் சர்க்கரை டீ உங்களுக்கே திகட்டும். கூடவே நாலு டீயை மூன்றாக்கினால் 40 கிராம் 10 கிராமுக்குள் வந்துவிடும். இதில் ஒரு சிக்கல் உண்டு: அலுவலகத்துக்கு கேனில் வரும் டீயில் சர்க்கரை கலந்தேதான் வரும், குறைக்கச் சொல்ல வழியில்லை. அதை விட்டுவிட்டுக் கடைக்கு நடந்துபோய்க் குடித்துவிட்டு வாருங்கள். சாப்பிட்ட பின் பத்து, பதினைந்து நிமிட நடை ரத்தச் சர்க்கரை ஏறும் உயரத்தைக் குறைக்கும், அந்த லாபமும் சேரும்.

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டிக்கு மாறினால் போதுமா? போதாது. மூன்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். கிராமுக்குக் கிட்டத்தட்ட அதே கலோரி. இனிப்பு சற்றுக் குறைவு என்பதால் கை தாராளமாகவும் போட்டுவிடும். “வெல்லத்தில் இரும்பு இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது; 100 கிராமில் சுமார் 5 மி.கி. டீயில் போடும் 10 கிராமில் அரை மி.கி. வயது வந்த பெண்ணுக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பரிந்துரைக்கும் அளவு நாளைக்கு 29 மி.கி. அந்த அரை மில்லிகிராமையும் டீயில் உள்ள டேனின் என்ற துவர்ப்புப் பொருள் பிடித்துவைத்துக்கொள்ளும். வாசனைக்காகக் கருப்பட்டிக் காபி குடிப்பது வேறு, அதற்கு நானும் எதிரி இல்லை. மருந்து என்று நினைத்துக் குடிக்காதீர்கள். வாங்கும்போது பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தைத் தவிருங்கள், அந்த நிறம் பெரும்பாலும் ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுத்தது. அஸ்கா, அதாவது வெள்ளைச் சர்க்கரை கலந்து காய்ச்சிய வெல்லமும் சந்தையில் உண்டு. கருத்த, சற்றுப் பிசுக்கான வெல்லம் பரவாயில்லை.

மாற்று இனிப்பு மாத்திரைகள், ஸ்டீவியா சொட்டு? எடை குறைக்க இவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. உங்கள் விஷயத்தில் இவை நாக்கின் பழக்கத்தை அப்படியே வைத்திருக்கும். சர்க்கரையைக் குறைக்கும் சில வாரங்களுக்கு ஊன்றுகோலாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கஃபீன். இதைப் பற்றிய பயம் தேவைக்கு மேல் இருக்கிறது. ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் நாளைக்கு 300 மி.கி. கஃபீனைத் தாண்ட வேண்டாம் என்கிறது. அதன் கணக்கில் 150 மி.லி. டிகாஷன் காபியில் 80 முதல் 120 மி.கி., இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. கடை டீ கிளாஸ் அதைவிடச் சிறியது. உங்கள் ஒரு காபி, நாலு டீயும் சேர்ந்து வரம்பை ஒட்டியோ உள்ளேயோதான் இருக்கும். கர்ப்பிணிகள் 200 மி.கி.க்குள் நிறுத்துவது நல்லது.

வீட்டு பில்டர் காபியில் எவ்வளவு என்பதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு டம்ளருக்கு 10 கிராம் பொடி, அதில் 30 சதவீதம் சிக்கரி என்றால் காபி 7 கிராம். காபிக்கொட்டையில் இரண்டு வகை: அராபிகாவில் எடையில் சுமார் 1.2 சதவீதம் கஃபீன், ரோபஸ்டாவில் சுமார் 2.2. முதலாவதில் 80 மி.கி.யை ஒட்டியும் இரண்டாவதில் 150 வரையும் போகலாம். சிக்கரியில் கஃபீன் கிடையாது. டிகாஷன் கறுப்பாக, கெட்டியாக, கசப்பாக இருப்பதில் பாதி வேலை சிக்கரியுடையது. “ஸ்ட்ராங்” என்று நாக்குக்குத் தெரிவதும் கஃபீன் அளவும் ஒன்றல்ல. காபி–சிக்கரி கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், பாக்கெட்டில் விகிதத்தை அச்சிட வேண்டும் என்பது சட்டம். உதிரியாக வாங்கிய பொடியில் சந்தேகம் வந்தால் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரின் மேல் ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். காபித்தூள் மிதக்கும். சிக்கரி சீக்கிரம் மூழ்கி, போகிற வழியில் பழுப்புக் கோடு விட்டுக்கொண்டே இறங்கும்.

கஃபீன் பாதியாகக் குறைய உடலில் ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும். சாயங்காலம் 5 மணிக் காபியின் பாதி இரவு 10 மணிக்கும் ரத்தத்தில் இருக்கிறது. கர்ப்பத்தில் இந்த நேரம் இரண்டு மடங்குக்கும் மேல் நீளும், புகைபிடிப்பவர்களுக்குச் சுருங்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் பசியும் ரத்தச் சர்க்கரையும் கூடும், அதனால் உங்கள் கடைசி டீ 4 மணிக்கு முன் முடிந்துவிடட்டும். மாலையில் காபி குடித்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு இரண்டாம் டிகாஷன் இருக்கிறது. கஃபீனின் பெரும்பகுதி முதல் டிகாஷனிலேயே இறங்கிவிடும். நாலைந்து வேளையை ஒரே நாளில் நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கி இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும். நோய் எதுவும் இல்லை, கஃபீன் விட்டதன் விளைவு. வாரத்துக்கு ஒரு வேளையாகக் குறைத்தால் வராது.

காபி நல்லதா என்றால், பல்லாண்டு தொடர்ந்து கண்காணித்த ஆய்வுகளில் காபி குடிப்பவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் கல்லீரல் நோயும் குறைவாகத் தெரிகின்றன. கஃபீன் நீக்கிய காபியிலும் சர்க்கரை நோய் விஷயத்தில் அதே போக்கு, ஆகவே பெருமை கஃபீனுக்கு மட்டும் உரியதல்ல. காபிதான் காரணம் என்று இந்த வகை ஆய்வுகள் நிரூபித்துவிடாது. இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட காபிக்கு இந்தப் பலனை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. 1991 முதல் புற்றுநோய்ச் சந்தேகப் பட்டியலில் இருந்த காபியைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் அதிலிருந்து எடுத்துவிட்டது. அதே அறிக்கையில் 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று வகைப்படுத்தியது. டபராவில் நாலு முறை ஆற்றுங்கள், போதும்.

காபியில் கெட்ட கொழுப்பைக் கூட்டும் ஒரு சமாசாரமும் உண்டு. காபி எண்ணெயில் கஃபெஸ்டால் என்றொரு பொருள் இருக்கிறது. அது எல்டிஎல் என்கிற அந்தக் கெட்ட கொழுப்பை ஏற்றும். காகித வடிகட்டி அதைப் பிடித்துவிடும். நம் பித்தளை, எவர்சில்வர் பில்டரின் துளைகள் அந்த அளவுக்குப் பிடிக்காது. நாளைக்கு ஒன்றிரண்டு டம்ளருக்குக் கவலை வேண்டாம். எல்டிஎல் ஏற்கெனவே அதிகமாக இருந்து, நாலைந்து டம்ளர் குடிப்பவர் என்றால் இன்ஸ்டன்டுக்கோ காகித வடிகட்டிக்கோ மாறிப் பார்க்கலாம். பாலைப் பொறுத்தவரை, ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், பச்சையில் 4.5, நீலத்தில் 3. நாளைக்குக் கால் லிட்டர் பால் என்றால் ஆரஞ்சுக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் 7 கிராம் கொழுப்புக்கு மேல். நீலத்துக்கு மாறிவிடுங்கள், டிகாஷன் நன்றாக இருந்தால் நாக்குக்குத் தெரியாது.

நெஞ்சு எரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றுக் காபியை நிறுத்த வேண்டும். அந்தத் தொந்தரவு இல்லாதவர்களுக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ இரண்டும் வேண்டாம், அளவு சற்று ஏறிக் காட்டும்.

இனி உங்கள் மனைவி. பெண்களுக்கு 12-க்குக் கீழே ரத்தசோகை, 9.6 என்பது நடுத்தர அளவு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டியது. இட்லி, தோசை, கீரையில் உள்ள இரும்பு தாவர வகை, உடம்பில் சேர்வதே கடினம். அதோடு டீ போனால் டேனினும் மற்ற பாலிஃபீனால்களும் இரும்பைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். உறிஞ்சப்படும் அளவு பாதிக்கும் கீழே போய்விடலாம். பால் சேர்ப்பதால் இது சரியாகிவிடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபி வேண்டாம் என்று அதே 2024 வழிகாட்டுதல் சொல்வது இதற்காகத்தான். அவர் டீயை விடத் தேவையில்லை. டிபன் 8 மணிக்கு என்றால் டீ 9 மணிக்கு மேல். சாப்பாட்டில் எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒன்று இருந்தால் அதன் வைட்டமின் சி இரும்பை உள்ளே அழைத்துப்போகும்.

இரும்பு மாத்திரையை டீயோடும் பாலோடும் போடக் கூடாது, தண்ணீரோடோ எலுமிச்சைச் சாற்றோடோ போடலாம். தைராய்டு மாத்திரை இன்னும் கறார். காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அதன்பின் காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். மாத்திரை போட்ட கையோடு காபி குடித்தால் மருந்து முழுதாகச் சேராது. தைராய்டு பரிசோதனையில் பார்க்கும் டிஎஸ்எச் இறங்கவில்லையே என்று மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள், காரணம் டம்ளரில் இருக்கும். இரண்டு மாத்திரையையும் சேர்த்தும் போடக் கூடாது, நடுவில் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். தைராய்டு காலையில், இரும்பு மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன் என்று வைத்துக்கொள்வது எளிது.

அடுத்தது எண்ணெய். வடையைத் திட்டுவதற்கு முன் அதில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், உளுந்தில் நூற்றுக்கு 24 பங்கு புரதம். ஒரு மெதுவடையில் சுமார் 20 கிராம் உளுந்து போகும் என்றால் நாலைந்து கிராம் புரதம் கிடைக்கிறது. கடலைப்பருப்பைக் கொரகொரப்பாக அரைத்த மசால் வடையில் நார்ச்சத்தும் உண்டு, சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். மைதா பிஸ்கட்டைவிட, பன் பட்டர் ஜாமைவிட மசால் வடை எவ்வளவோ மேல். வாழைக்காய், உருளைக்கிழங்கு பஜ்ஜி இந்த வரிசையில் கீழே. ஒரு வடை தோராயமாக 150 கலோரி, அதில் கணிசமான பங்கு எண்ணெய்.

ஆகவே எண்ணெயின் வயதுதான் கேள்வி. திரும்பத் திரும்பக் காயும் எண்ணெய் மூன்று வழியில் சிதைகிறது. காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைகிறது. மாவின் ஈரம் பட்டுக் கொழுப்பு அமிலங்களாகப் பிரிகிறது. நீண்ட சூட்டில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசினாகின்றன. இப்படிச் சிதைந்தவை எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் அளவுகோலுக்கு மொத்த துருவச் சேர்மங்கள் என்று பெயர். அது 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சட்டம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டில் பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலுக்கு அனுப்பும் திட்டத்தையும் தொடங்கியது. பெரிய இடத்தில் கழித்த எண்ணெய் மலிவு விலையில் சின்னக் கடைக்குப் போய்ச் சேரக் கூடாது என்பது அதன் நோக்கங்களில் ஒன்று.

கடையில் அளவுக்கருவியோடு நிற்க முடியாது, ஆனால் இரண்டு நிமிடம் அடுப்பைப் பார்த்தால் போதும். வடையைப் போட்டதும் பெரிய குமிழிகள் வந்து, வெந்து எடுத்ததும் அடங்கினால் எண்ணெய் பரவாயில்லை. வடையை எடுத்த பிறகும் சோப்பு நுரை மாதிரிப் பொடிக் குமிழிகள் விளிம்பில் தங்கினால் அது பழசு. நிறம் டிகாஷன் போல இருப்பது, அடுப்பைக் குறைத்தும் புகைவது, மூக்கை அரிக்கும் காரல், சட்டியின் விளிம்பில் விரலில் ஒட்டும் பழுப்புப் பிசின், இவற்றில் இரண்டு இருந்தால் டீயோடு திரும்பிவிடுங்கள். குறைந்த எண்ணெயில் புதிதாக ஊற்றிக்கொண்டே போவது பலர் நினைப்பது போலப் பழசைப் புதுப்பிக்காது, பழசு புதியதைச் சீக்கிரம் கெடுக்கும். இன்னொன்று, வடையைச் செய்தித்தாளில் வாங்காதீர்கள். அச்சு மையில் ஈயம் போன்ற உலோகங்கள் இருக்கலாம், சூடான எண்ணெய் அவற்றைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். உணவைச் செய்தித்தாளில் மடிப்பது விதிப்படியே தவறு. வாழையிலைத் துண்டு கேளுங்கள், பல கடைகளில் இருக்கும்.

வீட்டில் சுடுவதானால் செய்முறையிலேயே பாதி எண்ணெயைக் குறைக்கலாம். உளுந்து ஒரு மணி, அதிகம்போனால் இரண்டு மணி ஊறினால் போதும். மேலும் ஊறினால் மாவு தளர்ந்து எண்ணெயை இழுக்கும். ஐஸ் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரையுங்கள். சிறு உருண்டையைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். உப்பைக் கடைசியில், சுடுவதற்குச் சற்று முன் சேருங்கள், முன்பே போட்டால் மாவு நீர்த்துவிடும். தளர்ந்துவிட்டால் ஒரு கரண்டி அரிசி மாவு. பஜ்ஜி மாவில் சோடா உப்பு போட்டால் உப்பும், ஆனால் அந்தத் துளைகள் எல்லாம் எண்ணெய் குடிக்கும். பதிலாக அரிசி மாவைச் சற்றுக் கூட்டுங்கள்.

எண்ணெய் 170, 175 டிகிரிக்கு வர வேண்டும். ஒரு சிட்டிகை மாவைப் போட்டால் அடிக்குப் போய் இரண்டு, மூன்று விநாடியில் மேலே வந்தால் சரி. அடியிலேயே கிடந்தால் சூடு போதாது, போட்ட வேகத்தில் சிவந்தால் அதிகம். சட்டி நிறைய அடைத்தால் சூடு இறங்கிவிடும், ஒரு ஈட்டுக்கு நாலைந்து போதும். பலருக்குத் தெரியாத இடம் இதற்குப் பிறகு வருகிறது. வடை வேகும்போது உள்ளிருந்து ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் எண்ணெய் அதிகம் உள்ளே போவதில்லை. வெளியே எடுத்து ஆறத் தொடங்கியதும் ஆவி சுருங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுக்கிறது. பெரும்பகுதி உறிஞ்சல் அப்போதுதான். ஆகவே அரிகரண்டியில் எடுத்ததும் சட்டியின் மேலேயே, சூட்டிலேயே அரை நிமிடம் பிடித்து உதறுங்கள். பிறகு கம்பி வலைமேல் வையுங்கள். தட்டில் அடுக்கி ஐந்து நிமிடம் கழித்துக் காகிதத்தில் ஒற்றுவதில் பாதிப் பயன்தான் உண்டு. பொன்னிறத்தில் எடுங்கள். மாவுச்சத்து கருகக் கருக அக்ரிலமைடு என்ற கெடுதலான பொருள் கூடும். உருளைக்கிழங்கு சிப்ஸில் இது இன்னும் முக்கியம்.

மிஞ்சிய எண்ணெயைத் தூள் இல்லாமல் வடிகட்டி, மூடிய பாத்திரத்தில் வைத்து, ஒன்றிரண்டு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வேண்டாம். இரும்புச் சட்டியிலேயே விட்டுவைக்காதீர்கள், இரும்பு காரல் ஏறுவதை வேகப்படுத்தும். இதனால்தான் சின்ன, குழிவான சட்டி நல்லது, குறைந்த எண்ணெயில் வேலை முடியும்.

செக்கு எண்ணெய்க்கு வாசனையும் கொஞ்சம் கூடுதல் வைட்டமின் ஈயும் உண்டு. கலோரி அதேதான், தேக்கரண்டிக்கு 40. சுத்திகரிக்காததால் சீக்கிரம் புகையும், நுரைக்கும். பொரிப்பதைவிடத் தாளிப்புக்கும் பொடிக்கும் பொருத்தம். செக்குக் கடலை எண்ணெயில் இன்னொரு கவனம் வேண்டும். பூஞ்சை பிடித்த கடலையைப் பொறுக்காமல் ஆட்டினால் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு எண்ணெயில் தங்கும், சுத்திகரிப்பில் அது பெரும்பாலும் நீங்கிவிடும். கடலையைப் பொறுக்கி ஆட்டும் இடம் தெரிந்தால் வாங்குங்கள். பொரிப்பதற்குச் சுத்திகரித்த கடலை எண்ணெயோ தவிட்டு எண்ணெயோ சூரியகாந்தியைவிடச் சூட்டைத் தாங்கும். தேங்காய் எண்ணெய் நன்றாகத் தாங்கும், ஆனால் அதில் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. எல்டிஎல் அதிகம் உள்ளவர்களுக்கு அது தினசரி எண்ணெய் இல்லை.

பிஸ்கட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. “சாதா மேரிதானே” என்பவர்கள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கட்டும்: மைதா, சர்க்கரை, பாமாயில், இந்த வரிசையில். நூறு கிராமில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பது சாதாரணம். இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரி முதல் 2 சதவீத வரம்பு வந்துவிட்டதால் பழைய வனஸ்பதி பயம் குறைந்திருக்கிறது, பாமாயிலின் பாதி நிறைவுற்ற கொழுப்பு என்பது அப்படியே இருக்கிறது. மிக்சர், காராசேவில் கவனிக்க வேண்டியது உப்பு. பாக்கெட்டில் சோடியம் என்று போட்டிருக்கும் மில்லிகிராமை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. 800 மி.கி. சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. நாள் முழுக்க வரம்பே 5 கிராம்தான்.

டீயை விட்டுக் கரும்புச் சாறுக்கு மாறலாமா என்றும் சிலர் யோசிப்பார்கள். 100 மி.லி. கரும்புச் சாற்றில் 13 முதல் 15 கிராம் சர்க்கரை. ஒரு 250 மி.லி. டம்ளரில் 30 கிராமுக்கு மேல் போய்விடும், உங்கள் மூன்று டீ. இளநீர் தேவலை, சர்க்கரை குறைவு; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அதன் பொட்டாசியத்துக்காக டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

காகிதக் கப்பின் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. கரக்பூர் ஐஐடி 2020-ல் செய்த சோதனையில் 100 மி.லி. சுடுதண்ணீர் 15 நிமிடம் அதில் இருந்தபோது சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் இறங்கின. பிளாஸ்டிக் பூசிய கப்புக்கும் பிளாஸ்டிக் பைக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை. கண்ணாடி கிளாஸில் குடியுங்கள், பார்சல் வேண்டுமானால் எவர்சில்வர் தூக்கு கொண்டுபோங்கள்.

வாரத்துக்கு எத்தனை வடை? தினம் இரண்டு என்பதை வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒன்று என்று வையுங்கள். மற்ற நாளில் சுண்டல், அவித்த கடலை. வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, 30 கிராமுக்கு மேல் வேண்டாம், அதிலேயே 170 கலோரி. மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி மறுபடி பாருங்கள். அதற்கு முன் பார்ப்பதில் அர்த்தமில்லை, அந்தப் பரிசோதனை காட்டுவதே கடந்த மூன்று மாதச் சராசரியைத்தான்.

ஏர் ஃப்ரையரை வடைக்காக மட்டும் வாங்க வேண்டாம். மெதுவடை மாவு அதன் வலையில் வழிந்துவிடும், வெந்தாலும் வறண்டுபோகும். மசால் வடை, கட்லெட் ஓரளவு வரும். மெதுவடைக்கு வீட்டிலேயே குழிப்பணியாரச் சட்டி இருக்கிறது. குழிக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய் விட்டு, நன்றாகக் காய்ந்ததும் மாவைக் குழியில் முக்கால் அளவு வையுங்கள். மிதமான தீயில் மூடி போட்டு மூன்று நிமிடம், திருப்பிப் போட்டு மூடாமல் மூன்று நிமிடம். திருப்பிய பிறகும் மூடினால் ஆவி இறங்கி மேல் மொறுமொறுப்பு போய்விடும். மாவில் மிளகும் இஞ்சியும் கறிவேப்பிலையும் சற்றுத் தாராளமாகப் போட்டால், எண்ணெய் குறைந்தது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது.